அளவுகோல் அளந்த ஒளி

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. அத்தகைய நுண்ணிய நீளத்தை, பள்ளி மாணவர் பைக்குள் வைத்திருக்கும் மில்லிமீட்டர் அளவுகோலைக் கொண்டே அளந்துவிட இயலும். அந்த வியப்பின் இயற்பியலை விளக்குகிறது இப்பாடம்.

பூட்டிய அறையின் சாளரக் கதவில் ஊசித்துளை ஒன்றை இட்டு, அதன்வழி நுழைந்த கதிரவனின் ஒளிக்கற்றை நடுவே மெல்லிய அட்டைத் துண்டொன்றை நிறுத்தினார் தாமஸ் யங் என்னும் ஆங்கில மருத்துவர். அட்டையின் அகலம் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு. அதன் நிழலுக்குள் ஒளியும் இருளும் மாறிமாறி அமைந்த பட்டைகள் தோன்றின. அட்டையின் ஒருபுறமாக வரும் ஒளியைத் தடுத்ததும் அப்பட்டைகள் மறைந்தன. மறுபுறத்து ஒளி தடையின்றி வந்துகொண்டிருந்தும் பயனில்லை. இருபுறத்து ஒளியும் சேர்ந்தே பட்டைகளை உண்டாக்கின என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1803ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தில் யங் இதனை எடுத்துரைத்தார். ஒளி துகள்களால் ஆனது என்னும் நியூட்டனின் கருத்து கோலோச்சிய காலம் அது; எனவே, யங்கின் கூற்று கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆயினும், மெல்லிய படலங்களின் வண்ண வளையங்களைப் பற்றி நியூட்டனே குறித்து வைத்திருந்த அளவுகளைக் கொண்டு, சிவப்பு முதல் ஊதா வரையிலான நிறங்களின் அலைநீளங்களை யங் கணக்கிட்டுக் காட்டினார். எதிர்க்கருத்துடையவரின் ஏட்டிலிருந்தே சான்று கிடைத்தது!

இரண்டு அலைகள் ஓரிடத்தில் சந்திக்கும்போது முகடும் முகடும் பொருந்தினால் ஒளி மிகும். முகடும் அகடும் பொருந்தினால் ஒளி அடங்கும். இதுவே குறுக்கீட்டு விளைவு. தடையின் விளிம்பையோ குறுகிய பிளவையோ கடக்கும் ஒளி வளைந்து பரவுவது விளிம்பு விளைவு. அலைகள் கடந்து வந்த பாதைகளின் வேறுபாடு அலைநீளத்தின் முழு மடங்காக இருக்கும் இடங்களில் பொலிவு தோன்றும். ஆகவே, பொலிவு தோன்றும் இடத்தை அளந்தால் அலைநீளம் கைக்கு வந்துவிடும்.

லேசர் வருவதற்கு முன்னர் இவ்வாய்வு எளிதன்று. சோடிய விளக்கின் ஒளியைக் குறுகிய பிளவு வழியே செலுத்த வேண்டும். கிடைக்கும் மங்கலான பட்டைகளை உருப்பெருக்கியால் நோக்க வேண்டும். 1960இல் தோன்றிய லேசர் இந்நிலையை மாற்றியது. அதன் ஒளி ஒற்றை நிறமுடையது; அலைகள் ஒன்றோடொன்று கட்டம் பிசகாமல் வருவன. 0.25 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு பிளவுகளில் ஹீலியம்–நியான் லேசரின் செவ்வொளியை விழச்செய்தால், 2 மீட்டர் தொலைவிலுள்ள திரையில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டருக்கு ஒரு பட்டை விளங்கித் தோன்றும். ஒரு பட்டையை மட்டும் அளந்தால் பிழை மிகும்; பத்துப் பட்டைகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுப்பதே நன்று.

இவற்றினும் வியப்புக்குரிய வழியை 1965இல் ஆர்தர் ஷாலோ வெளியிட்டார். லேசரின் கோட்பாட்டை டௌன்ஸுடன் இணைந்து 1958இல் வகுத்தவர் அவர். அவருக்கு வேண்டியிருந்தவை லேசரும் கோடுகள் பொறிக்கப்பட்ட எஃகு அளவுகோலும் சுவரும் மட்டுமே.

அலைநீளத்தைவிட ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கும் மேல் பெரிதான மில்லிமீட்டர் இடைவெளி, கீற்றணியாக எங்ஙனம் பயன்படும்? சாய்வில்தான் அதன் மறைபொருள் உள்ளது. ஒளிக்கற்றை அளவுகோலின் பரப்பை உரசுவதுபோல, ஏறத்தாழ ஒரு பாகைச் சாய்வில் விழுகிறது. தரையோடு கண்ணை வைத்து நோக்கினால் நீண்ட களமும் குறுகித் தோன்றுவதன்றோ? அவ்வாறே, ஒளி வரும் திசையிலிருந்து பார்த்தால் மில்லிமீட்டர் இடைவெளி அதன் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. மேலும், ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கற்றை அச்சாய்வில் ஏறக்குறைய ஐம்பது கோடுகளின்மீது படர்கிறது. கோடுகளுக்கு இடைப்பட்ட பளபளப்பான பகுதிகள் ஒவ்வொன்றும் ஒளியை எதிரொளிக்கின்றன. அவ்வொளிகள் குறுக்கிட்டுச் சுவரில் புள்ளிகளை வரைகின்றன.

அளவுகோலிலிருந்து 5 மீட்டர் தொலைவில் சுவர் இருப்பதாகக் கொள்வோம். கற்றையின் ஒரு பகுதி அளவுகோலில் படாமல் நேரே சென்று சுவரில் ஒரு புள்ளியிடும். ஆடியில் எதிரொளிப்பதுபோல எதிரொளித்த ஒளி மற்றொரு புள்ளியிடும். இவ்விரண்டின் நடுப்புள்ளியே உயரங்களை அளப்பதற்கான தொடக்கம். எதிரொளித்த புள்ளி 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அதற்கு மேலே 20.4, 27.1, 32.4 சென்டிமீட்டர் உயரங்களில் அடுத்தடுத்த புள்ளிகள் அமையும். மேலே செல்லச் செல்ல அவை நெருங்குவதைக் காணலாம். சம இடைவெளியில் பெருகுவன உயரங்கள் அல்ல, உயரங்களின் வர்க்கங்களே.

கணக்கிடும் முறை இது: மூன்றாம் புள்ளியின் உயரத்தின் வர்க்கத்திலிருந்து, எதிரொளித்த புள்ளியின் உயரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் 949.76 சதுர சென்டிமீட்டர். மூன்றால் வகுத்தால் 316.6. இதனைக் கோட்டு இடைவெளியாகிய 0.1 சென்டிமீட்டரால் பெருக்கி, தொலைவின் வர்க்கத்தைப்போல் இருமடங்காகிய 5,00,000ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 633 நானோமீட்டர். ஹீலியம்–நியான் செவ்வொளியின் உண்மையான அலைநீளம் காற்றில் 632.8 நானோமீட்டர். புள்ளியின் உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழை நேர்ந்தாலும், விடை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே பிறழும்.

இச்செய்முறையில் விழிப்புடன் இருத்தல் வேண்டும். எஃகுப் பரப்பிலிருந்து தெறிக்கும் கற்றையும் லேசர் கற்றையே. அது கண்மட்டத்தில் செல்லுமாறு ஒருபோதும் அமைத்தலாகாது.

தெரிந்து தெளிவோம்

மிகுந்த சாய்வில் விழும் ஒளி சர் சி. வி. இராமனையும் ஈர்த்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற காலத்தில், முப்பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாக எதிரொளிக்கும் ஒளி உண்டாக்கும் சமச்சீரற்ற விளிம்பு விளைவுப் பட்டைகளை அவர் கண்டார். இதுபற்றிய அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை 1906இல் இங்கிலாந்தின் ‘பிலசாஃபிகல் மேகசின்’ இதழில் வெளிவந்தது.

அளவுகோலால் ஒளியை அளந்த கதை பின்னர்த் தலைகீழாயிற்று. பாரிசில் காக்கப்பட்ட உலோகச் சட்டத்தை விடுத்து, கிரிப்டான்–86 அணு உமிழும் செம்மஞ்சள் ஒளியின் 16,50,763.73 அலைநீளங்களே ஒரு மீட்டர் என 1960இல் உலக நாடுகள் வரையறுத்தன. 1983இல் அதுவும் மாறியது. வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவே இன்று மீட்டர். அயோடின் வாயுவால் நிலைப்படுத்தப்பட்ட ஹீலியம்–நியான் லேசரின் அதே செவ்வொளியைக் கொண்டுதான் அளவியல் ஆய்வகங்கள் நீளத்தின் தரத்தைச் சரிபார்க்கின்றன.