தீப்பாறைகளின் வயதும் மேற்குக் கடற்கரையின் வரலாறும்

கர்நாடகத்தில் உடுப்பிக்கு அருகேயுள்ள மால்பெயிலிருந்து படகேறிச் சிறிது தொலைவு சென்றால் செயிண்ட் மேரித் தீவுகளை அடையலாம். அங்குப் பாறைகள் ஐந்து, ஆறு பக்கங்களையுடைய தூண்களாக நெருங்கி நிற்கின்றன. அவை மனிதர் செதுக்கியவை அல்ல. பாறைக்குழம்பு குளிர்ந்து சுருங்கியபோது வெடித்துப் பிரிந்தவை. இத்தகைய தூண்கள் மும்பை அந்தேரியிலுள்ள கில்பர்ட் குன்றிலும் உண்டு. அக்குன்று தக்காண எரிமலைப் படிவைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே கடற்கரையில் உள்ளன, தோற்றமும் ஒத்திருக்கிறது. ஆகவே இரண்டும் ஒரே காலத்தவை என ஒருவர் முடிவு செய்தால் அது இயல்பே. ஆனால் அம்முடிவு ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் பிழைபடும். அதனுடன் இக்கடற்கரையின் வரலாற்றில் ஒரு பெரும் நிகழ்ச்சியும் விடுபட்டுப்போகும்.

படிவுப்பாறைகளின் காலத்தை அவற்றில் புதைந்துள்ள உயிரினச் சுவடுகளைக் கொண்டு அறியலாம். தீப்பாறைகளுக்கு அவ்வசதி இல்லை. ஒன்றை ஒன்று ஊடுருவிச் செல்லும் முறையைக் கண்டு எது முந்தியது, எது பிந்தியது எனக் கூறலாமேயன்றி, எத்தனை ஆண்டுகள் என்று கூறவியலாது. இக்குறையைக் கதிரியக்கம் தீர்த்து வைக்கிறது.

பாறைகளில் பரவலாக உள்ள பொட்டாசியத்தில் பத்தாயிரம் அணுக்களுக்கு ஏறக்குறைய ஓர் அணு பொட்டாசியம்-40 என்னும் நிலையற்ற வகையைச் சேர்ந்தது. இதன் அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டுகள். அதாவது, அக்காலத்தில் இருப்பதில் பாதி சிதைந்துவிடும். சிதைவனவற்றுள் நூற்றுக்கு 11 அளவில் ஆர்கான்-40 என்னும் வாயுவாகவும், எஞ்சியவை கால்சியமாகவும் மாறுகின்றன. பாறைக்குழம்பு உருகிய நிலையில் இருக்கும்வரை ஆர்கான் பெரும்பாலும் வெளியேறிவிடும். குழம்பு உறைந்தபின் உண்டாகும் ஆர்கான் படிகங்களுக்குள் அடைபட்டுச் சேரத் தொடங்குகிறது. சேர்ந்த ஆர்கானையும் எஞ்சிய பொட்டாசியத்தையும் அளந்தால், பாறை உறைந்த காலம் கணக்கில் கிட்டும். வகுப்பில் இதனை விளக்க நூறு காசுகள் போதும். அவற்றைக் குலுக்கிப் போட்டு, தலை விழுந்தவற்றை ஒவ்வொரு முறையும் நீக்கிவரச் செய்தால், எக்காசு எப்போது போகும் எனச் சொல்ல இயலாவிட்டாலும், முறைக்கு ஏறக்குறைய பாதி குறைவதை மாணவர் தாமே காண்பர்.

இம்முறையின் நுட்பமும் இடரும் ஒரே இடத்தில் உள்ளன. 6.6 கோடி ஆண்டு வயதுடைய பாறையில் பொட்டாசியம்-40 நூற்றுக்கு 3.6 பங்கே சிதைந்திருக்கும். அதிலும் ஆர்கானாக மாறியது நூற்றுக்கு 0.4 பங்குக்கும் குறைவு. இச்சிறு அளவில் ஒரு பகுதி கசிந்துவிட்டால் பாறை இளமையாகத் தோன்றும். வெளியிலிருந்து ஆர்கான் கலந்திருந்தால் முதுமையாகத் தோன்றும். தக்காணப் பாறைகளுக்கு முற்காலத்தில் கிடைத்த வயதுகள் பல கோடி ஆண்டு இடைவெளியில் சிதறிக் கிடந்ததற்குக் காரணம் இதுவே. 1966-இல் வெளியான ஆர்கான்–ஆர்கான் முறை இக்குறையைப் பெரிதும் போக்கியது. பாறைத்துணுக்கை அணு உலையில் வைத்துப் பொட்டாசியத்தின் ஒரு பகுதியை ஆர்கான்-39 ஆக மாற்றி, பின்னர் அதனைப் படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு படியிலும் வெளிவரும் வாயுவை அளக்கின்றனர். அடுத்தடுத்த பல படிகளும் ஒரே வயதைக் கூறினால் சான்று நம்பத்தக்கது. படிக்குப் படி வயது மாறினால் பாறை பின்னர்க் கெட்டிருக்கிறது எனக் கொள்ளவேண்டும். சிர்க்கான் என்னும் உறுதியான கனிமத்தில் யுரேனியம் காரீயமாக மாறும் அளவைக் கொண்டும் வயது காண்பர்.

செயிண்ட் மேரித் தீவுப் பாறைகளுக்கு 2001-இல் வெளியான ஆர்கான்–ஆர்கான் அளவீடு ஏறக்குறைய 8.6 கோடி ஆண்டுகள் எனக் காட்டியது. சிர்க்கான் முறையில் 9.1 கோடி அளவில் வயது கிடைத்துள்ளது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறிதன்று. ஆயினும் இரண்டும் தக்காணத்திலிருந்து விலகியே நிற்கின்றன. கடலுக்கு அப்பால், மடகாஸ்கர் தீவின் கிழக்குக் கரை நெடுக உள்ள எரிமலைப் பாறைகளின் வயது ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலப்பகுதியாக இருந்து பிளவுபடத் தொடங்கியபோது இருபுறமும் வெளிப்பட்ட குழம்பே இவை என்பது இதனால் புலனாகிறது. இன்று படகில் சென்று காணும் அத்தூண்கள் அப்பிளவின் இந்தியக் கரைச் சின்னம்.

தக்காணப் படிவோ வேறொரு பிரிவோடு தொடர்புடையது. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரிலுள்ள ‘டிராப்’ என்னும் சொல்லைச் சிலர் ‘பொறி’ எனத் தமிழாக்குவர், அது பொருந்தாது. படிக்கட்டைக் குறிக்கும் சுவீடிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது அது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளைக் கண்டவர்க்குப் பெயரின் பொருத்தம் விளங்கும். இன்றும் சுமார் ஐந்து இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் இப்படிவின் பெரும்பகுதி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வெளிப்பட்டது. செஷல்ஸ் கூட்டத்திலுள்ள சிலுவெட் தீவின் தீப்பாறைகள் 6.3 கோடி ஆண்டு அளவினவை. செஷல்ஸ் நிலப்பகுதி இந்தியாவை விட்டு நீங்கிய காலம் இதனை ஒட்டியது. கிழக்கே இராஜ்மஹால் குன்றுகளின் எரிமலைப் பாறைகள் ஏறக்குறைய 11.8 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவை வேறொரு கரையின் வரலாற்றுக்கு உரியவை.

வயது ஒன்றாயிருப்பது மட்டும் இரு நிலங்கள் இணைந்திருந்தமைக்குச் சான்றாகாது. பாறையில் உறைந்துள்ள காந்தத்திசை, கடலடியின் காந்தப்பட்டைகள் ஆகியவையும் அதற்கு உடன்படவேண்டும்.

வயதறியப் பாறை சேகரிக்கும் களப்பணியாளர், மேலே பழுப்பேறிச் சிதைந்த பகுதியை உடைத்து நீக்கி, உள்ளிருக்கும் புதிய பாறையையே எடுக்கவேண்டும். வெள்ளைக் கனிமங்கள் நிரம்பிய குழிகளும், நீர் ஊறிய வெடிப்புகளும் உள்ள துண்டுகளைத் தவிர்க்கவேண்டும். எடுத்த இடம், உயரம், மேலும் கீழும் உள்ள அடுக்குகள் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்வது இன்றியமையாதது; இடம் அறியாத பாறையின் வயதால் பயனில்லை. செயிண்ட் மேரித் தீவுகள் தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டவை. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் சுத்தியலைக் கரையிலேயே விட்டுச் செல்வார்களாக.