காது வடிதல் சிறு காரியமல்ல



கடலூரிலும் சிதம்பரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வியாதியஸ்தரைச் சந்திக்கும்போது, "பிள்ளைக்குக் காது வடியுதுங்க ஐயா, பெரியவனானா தானா நின்னுடும்" என்று தாய்மார் சொல்லுவதுண்டு. வகுப்பில் பின்தங்கும் அப்பிள்ளைக்கு "மந்தம்" என்ற பெயரும் கிடைத்துவிடுகிறது. குறை புத்தியிலல்ல, செவியில் இருக்கக்கூடும் என்பதை அநேகர் அறியார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கிராமப் பிள்ளைகளைப் பரிசோதித்து 1999-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 6 பேருக்கு நாட்பட்ட காது சீழ் இருக்கக் கண்டார்கள். நூற்றுக்கு 4 பேருக்கு மேல் இந்நோய் இருந்தாலே தாமதமின்றிக் கவனிக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

காரணம் என்ன?

செவிப்பறைக்கு உட்புறமுள்ள நடுச்செவியை மூக்கின் பின்பகுதியோடு ஒரு சிறு குழாய் இணைக்கிறது. குழந்தைகளுக்கு இது குட்டையாகவும் ஏறக்குறைய படுக்கைவாட்டிலும் இருக்கிறது. சளி பிடித்தால் குழாய் அடைபட்டு, உள்ளே நீர் தேங்கி, நிமோகாக்கஸ், ஹீமோபிலஸ் போன்ற கிருமிகள் பெருகுகின்றன. சீழின் அழுத்தத்தால் பறை கிழிந்து காது வடியும். அப்போது வலி குறைவதால் நோய் தீர்ந்ததென்று எண்ணிவிடுகிறோம். ஆனால் ஓட்டை மூடாவிட்டால், குளத்தில் மூழ்கிக் குளிப்பதும் அடுத்த சளியும் சீழை மீண்டும் வரவழைக்கும், கேள்வியும் குறையும்.

தடுப்பது எப்படி?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். தலையைச் சற்று உயர்த்திப் பாலூட்டுங்கள். படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுக்கவேண்டாம். பீடிப்புகையும் விறகடுப்புப் புகையும் பிள்ளையை அண்டாமலிருக்கட்டும். ஹீமோபிலஸ் பி கிருமிக்கு எதிரான மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரிலும், நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021-லும் தமிழகத்தின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. இவற்றைத் தவறாமல் போடுங்கள். காதில் எண்ணெய் ஊற்றுவதும் கோழி இறகு, ஊக்கு விட்டுக் குடைவதும் கூடாது.

சிகிச்சை என்ன?

சுத்தமான பஞ்சைத் திரியாகத் திரித்து, காதில் மெல்ல வைத்து, நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு திரி வைக்கவேண்டும். திரி உலர்ந்து வரும்வரை இப்படிச் செய்தபின், மருத்துவர் தந்த சொட்டு மருந்தை விடவேண்டும். நாட்பட்ட சீழுக்கு மாத்திரையைவிட சிப்ரோபிளாக்சசின் போன்ற சொட்டு மருந்துகளே நன்கு பலன் தருகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சில சொட்டு மருந்துகள் உட்செவியைக் கெடுக்கும். ஆகையால் கடையில் தாமாக வாங்கவேண்டாம். மூடாத ஓட்டையை அறுவை சிகிச்சையால் அடைக்கலாம்.

நாற்றமடிக்கும் சீழ், காதின் பின்னே வீக்கம், வாய் கோணுதல், காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். நோய் எலும்பை அரித்து மூளைவரை பரவக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் சிதம்பரம் அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையையும், "என்ன, என்ன" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளையையும் கடிந்துகொள்ளாதீர்கள். முன்வரிசையில் உட்காரவைத்து, பெற்றோரிடம் பேசி, காதைப் பரிசோதிக்க அனுப்புங்கள். பேச்சும் படிப்பும் வளரும் வயது இது; இப்போது இழப்பதைப் பின்னர் ஈடுசெய்வது கடினம்.