பதித்த பல்லின் உறையும் ஈறும்

பல் விழுந்த இடத்தில் தாடையெலும்பினுள் டைட்டேனியத் திருகு ஒன்றைப் பதித்து, அதன்மீது பல் வடிவான உறையைப் பொருத்தும் சிகிச்சை இப்பொழுது சிறு நகரங்களிலும் நடைபெறுகிறது. சுவீடன் நாட்டு விஞ்ஞானி பிரோனமார்க் 1965-ஆம் ஆண்டில் இம்முறையை முதன்முதலாக மனிதரிடம் கையாண்டார். திருகு எலும்புடன் ஒன்றுமா என்னும் ஐயம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. அதைச் சூழ்ந்த ஈறு நெடுங்காலம் நலமாயிருக்குமா என்பதே எஞ்சியுள்ள வினா.

இயற்கைப் பல்லின் வேரினுள் ஈற்றின் நார்கள் குறுக்காகப் புகுந்து பற்றி நிற்கின்றன. திருகைச் சுற்றியுள்ள நார்களோ அதன் பரப்புக்கு இணையாகவே ஓடுகின்றன. இரத்த ஓட்டமும் அங்கே குறைவு. பானையின் வாயில் இறுகக் கட்டிய துணிக்கும் மேலே வெறுமனே போர்த்திய துணிக்கும் உள்ள வேறுபாடு இது. கிருமிப்படிவு ஈற்றினுள் இறங்கிவிட்டால், அழற்சி எலும்பை எட்டுவதற்குத் தடை அதிகமில்லை.

பொன் கலந்த உலோகம், உலோகத்தின்மீது சுட்ட பீங்கான், சிர்கோனியா, அக்ரிலிக் முதலிய பிசின் வகைகள் ஆகியவை உறை செய்யப் பயன்படுகின்றன. இவற்றின் பெயரைவிட, ஈற்றைத் தொடும் பரப்பின் வழவழப்பே முக்கியமானது. சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டால் கிருமிப்படிவு கூடுகிறது. அதற்குக் கீழே எவ்வளவு மெருகிட்டாலும் மேலும் பயனில்லை. மெருகிட்ட சிர்கோனியா நெடுநாள் வழவழப்பாக இருக்கும். பிசின் உறை தேய்ந்து சொரசொரப்பாகிவிடுவதால் தற்காலிகமாக வைப்பதற்கே ஏற்றது. 1998-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், நாய்களின் ஈறு டைட்டேனியத்துடனும் அலுமினாப் பீங்கானுடனும் நன்கு ஒட்டியது. பொற்கலவையிலும் சாதாரணப் பல் பீங்கானிலும் ஒட்டாமல் கீழிறங்கியது. பொன்னைப் பற்றிய இம்முடிவைப் பிற்கால ஆராய்ச்சிகள் முழுவதும் உறுதி செய்யவில்லை. மனிதரிடமோ, சிர்கோனியா உறைக்கும் உலோகப் பீங்கான் உறைக்கும் இடையே எலும்பிழப்பில் தெளிவான பெரிய வேறுபாடு காணப்படவில்லை. விலையுயர்ந்த உறை ஈற்றைத் தானே காக்கும் என்று எண்ணுவது தவறு.

உறையை ஒட்டும் சிமெண்டைப் பற்றி நோயாளிகள் எவரும் கேட்பதில்லை. ஆனால் கேடு பலமுறை அங்கேதான் தொடங்குகிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயுற்ற ஈறுகளுள் நூற்றுக்கு 81-இல் மிகுதியான சிமெண்ட் ஒளிந்திருந்தது. அதை அகற்றியபின், அவ்வாறு அகற்றப்பட்டவற்றுள் நூற்றுக்கு 74-இல் நோய்க்குறிகள் மறைந்தன. திருகாணியால் பொருத்தும் உறையில் இவ்வாபத்து இல்லை. பக்கங்கள் மிகப் புடைத்த உறையும் கெடுதியே. பல்துலக்கி அதன் அடியில் நுழைவதில்லை.

இந்நோயில் வலி பெரும்பாலும் இராது. துலக்கும்போது இரத்தம் கசிதல், ஈறு சிவந்து வீங்குதல், சீழ் ஆகியவற்றையே சுகாதாரப் பணியாளர் கேட்டறிதல் வேண்டும். புகைப்பவரையும் நீரிழிவுள்ளவரையும் முதலில் கேட்க வேண்டும். அழற்சி ஈற்றோடு நிற்கும்வரை, படிவை அகற்றித் தூய்மை செய்தால் பெரும்பாலும் குணமாகும்; கரைந்த எலும்பு அவ்வாறு தானே மீள்வதில்லை. ஆகவே, இரத்தம் கசிகிறது என்று ஒருவர் சொன்னால், அடுத்த முகாம் வரை காத்திராமல் அவரைப் பல் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.