கரும்பு ஒப்பந்தமும் ஆலையின் லாப நஷ்டமும்

சர்க்கரை ஆலையின் லாபம் யந்திரங்களைப் பொறுத்ததென்று பலர் கருதுவர். அது பாதி உண்மையே. ஆலைக் கம்பெனியார் குடியானவர்களுடன் செய்துகொண்ட கரும்பு ஒப்பந்தங்களை எவ்வளவு கவனமாக நடத்துகின்றனர் என்பதைப் பொறுத்தது மற்றப் பாதி.

நெல்லைக் குதிரில் இட்டு வைக்கலாம். கரும்பை அவ்வாறு வைத்தல் இயலாது. வெட்டிய உடனே அதன் சர்க்கரைச் சத்து சிதையத் தொடங்குகிறது, எடையும் குறைகிறது. ஆகவே வெட்டிய 24 மணி நேரத்திற்குள் அரைத்துவிடுதல் உத்தமம். நாளொன்றுக்கு 2,500 டன் அரைக்கும் ஆலையொன்றைக் கொள்வோம். பிழிதிறன் நூற்றுக்குப் பத்தாயின் 250 டன் சர்க்கரை கிடைக்கும். அது ஒன்பதரையாகக் குறைந்தால் தினமும் பன்னிரண்டரை டன்னும், நூறு நாளில் 1,250 டன்னும் நஷ்டமாம். வெட்டுக்கூலியோ வண்டிச் சத்தமோ இதனால் ஒரு காசும் குறைவதில்லை.

இந்த நஷ்டத்தைத் தடுக்கும் கருவி ஒப்பந்தப் பதிவேயாகும். அதில் சர்வே நம்பர், பரப்பு, ரகம், நட்ட தேதி, நடவுக் கரும்பா மறுதாம்பா என்பன காணப்படும். இவற்றைக் கொண்டு எந்த வயல் எந்த மாதத்தில் முதிருமென்று கணக்கிடலாம். திறமையுள்ள நிர்வாகிகள் பதிவின்போதே முன்பட்டம், நடுப்பட்டம், பின்பட்டமென்று டிசம்பர் முதல் மே வரை நடவைப் பரப்பி வைப்பர். பின்னர் கைக் கருவியால் சாற்றைச் சோதித்து, பிரிக்ஸ் அளவு 18க்கு மேல் இருந்து, அடிக்கணுவுக்கும் நுனிக்கணுவுக்கும் வித்தியாசம் சொற்பமானால் வெட்டு உத்தரவு தருவர். பத்திரத்தைப் பீரோவில் பூட்டிவிட்ட ஆலையிலோ உத்தரவு ஒரு நாளும் லாரி மற்றொரு நாளுமாக வரும்; வெட்டிய கரும்பு வரப்போரத்தில் காயும். உத்தரவே தாமதித்தால் மறுதாம்பும் பருவம் தப்பும். இதில் குடியானவருக்கு இரட்டை நஷ்டம்.

பணப் பட்டுவாடா இதனினும் முக்கியமானது. 1966ஆம் வருஷத்திய கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் கிரயம் கொடுபடவேண்டும். தவறினால் வருஷத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து வட்டி. நிலுவையைக் கைமாற்றுக் கடனைப்போல் எண்ணும் கம்பெனிகளும் உண்டு. அது பெரும் பிசகு. பணம் வராத குடியானவர் அடுத்த பட்டத்தில் மக்காச்சோளமோ சவுக்கோ வைத்துவிடுவார். பதிவுப் பரப்புச் சுருங்கும். அரவை நாட்கள் குறையும். சம்பளமும் யந்திரப் பராமரிப்பும் மட்டும் குறையா. வட்டியைவிட இந்த நஷ்டமே பெரிது.

குற்றம் ஒரு பக்கத்தில் மட்டுமன்று. வெல்ல விலை ஏறியவுடன் பதிவுக் கரும்பை வெல்லக் கொட்டகைக்கு அனுப்புவோர் சிலர். பதிவில்லாத கரும்பை அண்டை வயல்காரர் பெயரில் ஏற்றுவோர் சிலர். இரண்டிலும் ஆலையின் கணக்குக் குலைந்து, முறைப்படி காத்திருப்பவரின் வெட்டு நாள் தள்ளிப்போகிறது. பதிவுப் பரப்பை அடங்கலுடன் ஒத்துப்பார்த்துக் கிராம அதிகாரிகள் இதனைப் பெரிதும் தடுக்கலாம்.

குடியானவர்கள் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வெட்டு உத்தரவின் தேதியையும், வண்டி ஆலைவாசலை அடைந்த நேரத்தையும், எடை போட்ட நேரத்தையும் எடைச்சீட்டின் பின்புறத்திலேயே குறித்து வைப்பது நலம். வட்டி கோரும் நாளில் 14 நாள் கணக்கு அச்சீட்டின் தேதியிலிருந்தே தொடங்கும்.