சிரித்தவருக்கும் பங்கு உண்டு



நம் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தால், "யார் அடித்தது?" என்று பதறுகிறோம். வேறொரு பிள்ளை அழுதபோது நம் பிள்ளை எங்கே நின்றது என்று கேட்பதில்லை.

பின்லாந்து உளவியல் அறிஞர் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவருடைய குழுவினரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைத்தான் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார்கள். துன்புறுத்துபவர், துன்பப்படுபவர், கூடச் சேர்ந்துகொள்பவர், சிரித்து உசுப்பிவிடுபவர், ஒதுங்கிப்போகிறவர், பரிந்து நிற்பவர் என்று ஆறு வகையினரை அவர்கள் கண்டார்கள். இவர்களில் பரிந்து நின்ற பிள்ளைகளையே வகுப்பில் அதிகம் பேர் விரும்பினார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து எட்டாம் வகுப்பிலும் பார்த்தார்கள். ஆண்பிள்ளைகளிடம் பழைய நடத்தையே பெரிதும் தொடர்ந்தது. பெண்பிள்ளைகளிடம் அப்போதைய தோழிகளின் நடத்தை அதிகம் பிரதிபலித்தது. சிறு வயதுப் பழக்கமும் சேர்க்கையும்தான் பருவ வயதில் முன்னே வந்து நிற்கின்றன.

பெயர் பெறுவது வேறு, பிரியம் பெறுவது வேறு. திக்கிப் பேசும் பிள்ளையைப் போல ஆறு வயதில் நடித்துக் காட்டினால், "என்ன வாய் பாரு!" என்று நாமே சிரிக்கிறோம். அடுத்தவரை மட்டம் தட்டினால் கூட்டம் சேரும் என்ற பாடத்தைப் பிள்ளை அங்கேதான் படிக்கிறது. பதினான்கு வயதில் அதையே வாட்ஸ்அப் குழுவில் செய்கிறது.

ஸூரா அல்ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் பரிகாசத்தையும், குத்திப் பேசுவதையும், பட்டப்பெயர் சொல்லி அழைப்பதையும் தடுக்கிறது. பெண்களைத் தனியாகவும் குறிப்பிட்டு எச்சரிக்கிறது. நம் வீடுகளிலோ "கட்டையன்", "கருப்பி" என்று கூப்பிடுவது செல்லமாகிவிட்டது.

அநீதி செய்பவனாக இருந்தாலும், அநீதிக்கு ஆளானவனாக இருந்தாலும் சகோதரனுக்கு உதவும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அநீதி செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டபோது, அவனைத் தடுப்பதே உதவி என்று விளக்கினார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது.

பெற்றோர் செய்ய வேண்டியவை:

1. வீட்டில் பட்டப்பெயரை இன்றே நிறுத்துங்கள்.

2. "இன்று யாரையாவது கேலி செய்தார்களா? நீ என்ன செய்தாய்?" என்று அடிக்கடி கேளுங்கள்.

3. பரிந்து நிற்பதென்றால் சண்டைக்குப் போவது என்று பொருளில்லை. சிரிக்காமல் இருப்பது, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவது, உஸ்தாதிடமோ ஆசிரியரிடமோ சொல்வது போதும். அது கோள் சொல்வது ஆகாது என்று புரியவையுங்கள்.

4. உங்கள் பிள்ளைமேல் புகார் வந்தால், "என் பிள்ளை அப்படியில்லை" என்று வாதாடாதீர்கள்; அடிக்கவும் வேண்டாம். காயப்பட்ட பிள்ளையிடம் கூட்டிச்சென்று மன்னிப்புக் கேட்க வையுங்கள். நபியவர்கள் சொன்ன உதவி அதுதான்.

நம் பிள்ளைகளைப் பிறர் கண்ணீரைத் துடைப்பவர்களாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.