கணக்குப் பைலை நகல் எடுக்கும் நேரம் எது?



நம் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பில் போட ஒன்று, குடோனுக்கு ஒன்று, கணக்குப்பிள்ளைக்கு ஒன்று எனக் கடைகளில் கம்ப்யூட்டர்கள் பெருகிவிட்டன. மூன்றும் ஒரே கணக்குப் பைலில்தான் எழுதுகின்றன. அந்தப் பைலை நகல் எடுப்பதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கடைப் பையன் தினமும் மாலை ஏழு மணிக்குத் தவறாமல் பென் டிரைவில் நகல் எடுத்து வைப்பான். சில்லறைக் கடைக்காரர்கள் சரக்கு எடுக்க வரும் நேரமும் அதுதான். பக்கத்தில் இரண்டு பேர் பில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் பழுதானது. நகல் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். நகல் திறக்கவில்லை. முந்தைய நாள் நகலும் அப்படியே. அதற்கு முந்தையது திறந்தது. ஆனால் பில் இருந்தது, பார்ட்டி பற்றில் அது ஏறவில்லை. கடை கடையாகப் போய் அவர்களுடைய சிட்டையை வாங்கிப் பார்த்து நம் பாக்கியை எழுதி வந்தேன். பெரும்பாலோர் நாணயமாகக் காட்டினார்கள். ஆனாலும் கடன் கொடுத்தவனே கணக்குக் கேட்டு நிற்பது தலைகுனிவு அல்லவா?

காரணம் இதுதான். ஒரு பில் போட்டால் பில் பட்டியல், சரக்கு இருப்பு, பார்ட்டி பற்று என்று பல இடங்களில் பைல் மாறுகிறது. நகலோ முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக எடுக்கப்படுகிறது. அதற்குள் பில் விழுந்தால் நகலின் முன்பாதி பழையது, பின்பாதி புதியது. லாரியில் மூட்டை ஏறும்போதே குடோன் இருப்பை எண்ணினால் கணக்கு எப்படி இருக்கும்? அதே கதைதான்.

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் போன்ற பைல் முறை சாஃப்ட்வேர் வைத்திருப்போர் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. கடை அடைத்த பின், எல்லாக் கம்ப்யூட்டரிலும் பில்லிங் சாஃப்ட்வேரை மூடிய பிறகே நகல் எடுங்கள்.

2. பைல் திறந்திருக்கும்போது அதே பெயரில் ஒரு பூட்டுப் பைல் பக்கத்தில் தோன்றும். பழைய முறையில் அதன் வால் 'எல்டிபி'. 2007-இல் வந்த புதிய முறையில் 'எல்ஏசிசிடிபி'. அது இருந்தால் யாரோ உள்ளே இருக்கிறார் என்று பொருள். கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தாலும் அது தங்கிவிடுவதுண்டு. அப்போது ஒருவர் மட்டும் பைலைத் திறந்து முறையாக மூடினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

3. பழைய நகலின் மேலேயே எழுதாதீர்கள். தேதி போட்டுத் தனித்தனியாக வையுங்கள். கெட்ட நகல் நல்ல நகலை அழித்துவிடக் கூடாது.

4. வாரம் ஒரு முறை நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசி பில்லையும் நான்கு பார்ட்டி பாக்கியையும் ஒத்துப் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது.

5. ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையையும் கண்டவர்கள் நாம். கல்லாவிலேயே நகலும் இருந்தால் இரண்டும் சேர்ந்து நனையும். பென் டிரைவைச் சொருகியே வைக்கவும் கூடாது. பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

இரவு பகலாக பில் போடும் பெரிய நிறுவனங்கள் எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல் போன்றவற்றுக்கு மாறலாம். அங்கே எழுதும் வேலை முழுவதும் ஒரே சர்வர் வழியாக நடப்பதால், ஆட்கள் வேலை செய்யும்போதே ஒத்திசைவான நகல் எடுக்க முடியும். அதையும் அந்த சாஃப்ட்வேருக்கு உரிய பேக்கப் வசதி மூலமே செய்ய வேண்டும். பைலை நேரடியாகக் காப்பி செய்யக் கூடாது.

ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டியதும் நம் கடமை.

ஷட்டரை இறக்கிய பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கடைக்குப் போடும் பூட்டைப் போலவே கணக்குக்கும் ஒரு பூட்டு அது.