ஒரே பிளக்கில் எத்தனை சாதனங்கள்?

பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் இஸ்திரிப் பெட்டியையும் எலக்ட்ரிக் கெட்டிலையும் ஒரே 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் மாட்டிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பெட்டி 1000 வாட், கெட்டில் 1500 வாட். மொத்தம் 2500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 11 ஆம்பியர்!

மின்னோட்டம் இருமடங்கானால் வயரில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்று வகுப்பில் படித்தோமே, அது சுவருக்குள்ளும் நடக்கிறது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியை முறுக்கிப் போடுவது இன்னும் மோசம். பிறகு பியூஸ் உருகாது. சுவருக்குள் இருக்கும் வயர்தான் எரியும்.

கெய்சர், ஏ.சி. ஒவ்வொன்றுக்கும் மெயின் போர்டிலிருந்து தனி லைன், வயரின் தடிமனுக்கேற்ற தனி எம்.சி.பி., எர்த் வயர் வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம், வீடு கட்டும்போதே சொல்லிவிடுவோம். பூச்சு முடிந்தபின் சுவரைக் கொத்துவது அப்பாக்களுக்குப் பிடிக்காத செலவு!